பத்து ஜோடி கடகடன்னு ஒப்பிக்கிறான், 8+5 கேட்டா விரல் மடக்கறான்

ஜூன் 17, முகப்பேர் வாசகர் கேட்டது

பையன் இந்த வருஷம் ரெண்டாம் கிளாஸ். பத்துக்கான நம்பர் பாண்ட், அதாவது கூட்டினா பத்து வர்ற ஜோடி, எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒன்பதுக்கு ஒண்ணு, எட்டுக்கு ரெண்டு, ஏழுக்கு மூணு, ஒண்ணுகூட தப்பாது. ஆனா 8+5 கேட்டா ஒண்ணுல இருந்து விரல் மடக்கி எண்றான். அப்போ இந்த நம்பர் பாண்ட் எதுக்கு? எங்க அப்பா, "பேசாம கூட்டல் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ண வை, நாங்க அப்படித்தான் படிச்சோம்"ங்கறார். அதையே செஞ்சுடலாமா?

ஜூன் 17, இரவு

அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "அஞ்சுல ரெண்டு போனா மீதி?" பேப்பர், பென்சில் வேண்டாம். சும்மா சாப்பிடும்போது கேளுங்க. டக்குனு மூணுன்னு வருதா, இல்ல கண்ணை மேல உருட்டி யோசிக்கறானா?

யோசிச்சான்னா சிக்கல் அங்கதான். 8+5-ஐ பத்து வழியாப் போட எட்டுக்கு ரெண்டு வேணும். அது அவனுக்குத் தெரியும். அந்த ரெண்டு எங்கிருந்து வரும்? அஞ்சுல இருந்து. அஞ்சை ரெண்டும் மூணுமா உடைக்கணும். அதை யாரும் சொல்லித்தரலை. பள்ளிக்கூடம், டியூஷன், யூடியூப் எல்லாரும் நேரா பத்துக்குத் தாவிடறாங்க, ஏன்னா பத்து ஜோடியைப் பாட்டாப் பாடலாம், சார்ட்டுல ஒட்டலாம், வானவில் மாதிரி கலர் அடிக்கலாம். நாலையும் ஆறையும் உடைக்கறதுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது.

பெரம்பூர்ல வீட்டு மாடில சாயங்காலம் சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். இந்தக் கேஸ் எனக்கு வருஷா வருஷம் வரும்.

ஜூன் 18

உங்க அப்பா சொன்ன வாய்ப்பாடு விஷயம். நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் இருக்கற எண்களை ஜோடி ஜோடியா கூட்டினா பத்தைத் தாண்டறது 36. 8+5-உம் 5+8-உம் ஒண்ணுதானேன்னு சேர்த்துட்டா வெறும் 20. குழந்தைகள் தடுமாறுறது பெரும்பாலும் இந்த இருபதுலதான்.

அதுல 6+6, 7+7, 8+8, 9+9 நாலும் இரட்டை. பசங்களுக்கு இரட்டை எப்படியோ சீக்கிரம் ஒட்டிக்கும். ஒன்பதோட கூட்டறது ஏழு. ஒண்ணைக் கடன் வாங்கிப் பத்தாக்கினா முடிஞ்சது. மீதி ஒன்பது. 8+3-ல இருந்து 8+7 வரைக்கும் அஞ்சு, 7+4, 7+5, 7+6, அப்புறம் 6+5. இந்த ஒன்பதுக்காக நூறு வரி வாய்ப்பாடு எழுத வைக்கறது ஓவர்.

ஜூன் 18, கொஞ்ச நேரம் கழிச்சு

உங்க கேள்வியை மறுபடி படிச்சேன். "ஒண்ணுல இருந்து" விரல் மடக்கறான்னு எழுதியிருக்கீங்க. நேத்து அதைத் தாண்டிப் போயிட்டேன். அது வேற கதை.

8+5-க்கு முதல்ல எட்டு விரலையும் எண்ணி, அப்புறம் அஞ்சு எண்ணி, திரும்ப மொத்தத்தையும் ஒண்ணுல இருந்து எண்றது முதல் படி. எட்டை மனசுல வெச்சு "ஒன்பது, பத்து, பதினொண்ணு..."ன்னு மேலே போறது ரெண்டாவது. உடைச்சுச் சேர்க்கறது மூணாவது. முதல் படில நிக்கற பையனுக்கு மூணாவது படி வித்தையைச் சொன்னா, அதை ஒரு தனிப் பாட்டாத்தான் கத்துப்பான். பாட்டும் கணக்கும் வேற வேற அறைல இருக்கும்.

அதனால முதல்ல ஒரு வாரம் இதை மட்டும் செய்ங்க: ஒரு டப்பால எட்டு புளியங்கொட்டையை அவன் கண்ணு முன்னாடி எண்ணிப் போட்டு மூடிடுங்க. வெளில மூணு வைங்க. மொத்தம் எவ்வளவு? மூடின டப்பாவை அவனால எண்ண முடியாது, எட்டுன்னு நம்பித்தான் ஆகணும். சில குழந்தைங்க டப்பா மேல எட்டு தடவை தட்டி எண்ணும். தட்டட்டும். ரெண்டு மூணு நாள்ல சலிச்சுப் போய் விட்டுடும்.

இன்னொண்ணு. ஒரே குழந்தை 2+1-ஐப் பார்த்ததும் சொல்லும், 6+3-க்கு மேலே எண்ணும், 8+5-க்கு ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். இது பின்தங்கறது இல்லை. எண்ணு பெருசானா பழைய வழிக்குத் திரும்பறது எல்லாக் குழந்தைங்களுக்கும் நடக்கறதுதான்.

ஜூன் 21

"உடைக்கறது எப்படி சொல்லித்தர்றது"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஒத்தையா ரெட்டையா ஞாபகம் இருக்கா? கைல புளியங்கொட்டையை மூடிட்டு "ஒத்தையா ரெட்டையா"ன்னு கேப்போமே, அதேதான், கொஞ்சம் மாத்தி.

அஞ்சு கொட்டை. ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணியாச்சு. கையைப் பின்னாடி கொண்டுபோய்ப் பிரிச்சு, ஒரு கையைத் திறந்து காட்டணும். மூணு இருக்கு. மூடின கைல எவ்வளவு? சொன்னதும் திறந்து பார்க்கலாம். சரியா தப்பான்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டியதே இல்லை, கையே சொல்லிடும்.

அஞ்சுல ஆரம்பிங்க. நாலு, மூணு சும்மா நடுவுல வந்து போகட்டும். அஞ்சு யோசிக்காம வர்ற வரைக்கும் ஆறுக்குப் போகாதீங்க. அவசரப்பட்டு பத்துக்குத் தாவறதுதான் இந்தக் கேள்வி-பதிலே தொடங்கக் காரணம்.

சைபர் கட்டாயம். ஒரு கையைத் திறந்தா ஒண்ணுமே இல்லை, அப்போ மூடின கைல எவ்வளவு? முதல் தடவை பசங்க சிரிக்கற சிரிப்பு இருக்கே! ஒர்க்ஷீட்டுல 5+0-ஐ யாரும் மதிக்கறதில்லை. இங்க அதுதான் அவங்களுக்குப் பிடிச்ச ஆட்டம்.

அப்புறம் அவன் கை மூடணும், நீங்க சொல்லணும். நடுநடுவுல வேணும்னே தப்பாச் சொல்லுங்க. உங்களைத் திருத்தும்போதுதான் அவனுக்கு நிஜமாத் தெரியுதா இல்லையான்னு தெரியும்.

ஜூன் 23, மாம்பலம் வாசகிக்கு

உங்க மாமியார் பேத்திக்கு விரல் கணு தொட்டு எண்ணக் கத்துக்கொடுத்திருக்காங்க, பள்ளிக்கூடத்துல விரலையே முழுசா மடக்கச் சொல்றாங்க, எது சரின்னு கேட்டிருக்கீங்க. வீட்ல போர் மூளாம பதில் சொல்லணும்!

கணு முறை எண்றதுக்கு அருமையானது. கட்டை விரலை ஓட்டினா ஒரு விரலுக்கு மூணு, நாலு விரலுக்குப் பன்னெண்டு, அதையே ஒன்பது சுத்து போனா நூத்தியெட்டு. ஸ்லோகம் சொல்றவங்களுக்கு அதைவிடச் சுலபம் வேற இல்லை. ஆனா பிரிச்சுப் பார்க்க உதவாது. கணுல ஏழுக்கு வந்தா எங்க நிக்கறோம்னு மட்டும்தான் தெரியும். விரலை நீட்டினா ஏழுங்கறது ஒரு முழுக் கையும் ரெண்டும், மடங்கி இருக்கறது மூணு, எல்லாம் ஒரே பார்வைல.

நாலு வரைக்கும் நாம எண்ணாமலே பார்த்துச் சொல்லிடுவோம். அதுக்கு மேல கூட்டமா அடுக்கி இருந்தாத்தான் கண்ணுக்குப் பிடிபடும். கை அஞ்சு அஞ்சா அடுக்கி வெச்ச சாமான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதை "அஞ்சும் எவ்வளவு"ன்னு பார்க்கற பழக்கம் அதுலதான் வரும்.

ரெண்டும் கத்துக்கட்டும். மாமியாரை விட்டுடுங்க.

ஜூன் 24

அபாகஸ் (மணிச்சட்டம்) கிளாஸ் பத்தி. அங்க "ஸ்மால் ஃப்ரெண்ட்ஸ்" (அஞ்சுக்கான ஜோடி), "பிக் ஃப்ரெண்ட்ஸ்" (பத்துக்கான ஜோடி)னு சொல்லித்தர்றாங்க, அதுவும் இதுவும் ஒண்ணான்னு கேள்வி. ஆமா, அதேதான். ஜப்பான் வகை மணிச்சட்டத்துல ஒவ்வொரு கம்பியிலயும் மேல அஞ்சு மதிப்புள்ள மணி ஒண்ணு, கீழே ஒவ்வொண்ணு மதிப்புள்ள மணி நாலு. அதனால அஞ்சுக்கான ஜோடியும் பத்துக்கான ஜோடியும் இல்லாம கையே ஓடாது. அஞ்சை முதல்ல வைக்கறாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்ச விஷயம்.

பிடிக்காதது வேகம். ஸ்டாப்வாட்ச், கோப்பை, மேடை. ஆறு வயசுல யோசிக்கற குழந்தை மெதுவாத்தான் இருக்கும். அதுக்கு மேல கேட்டீங்கன்னா ஃபீஸ் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவேன், நிறுத்திக்கறேன்.

ஜூன் 29

மடிப்பாக்கம் வாசகி ஒருத்தர் அஞ்சாங்கல் பத்தி எழுதியிருக்காங்க, எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

அஞ்சு கல்லுல ஒண்ணை மேல போட்டா தரைல நாலு. ஒண்ணான்ல ஒவ்வொண்ணா அள்ளணும். ரெண்டான்ல ரெண்டும் ரெண்டும். மூணான்ல மூணும் ஒண்ணும். நாலான்ல நாலும் ஒரே அள்ளு. நாலை எப்படியெல்லாம் உடைக்கலாமோ அதுல பெரும்பகுதியைக் கையாலயே செஞ்சுட்டோம். ஏழாங்கல் இன்னும் ஜோர். தரைல ஆறு. நாலான்ல நாலும் ரெண்டும், அஞ்சான்ல அஞ்சும் ஒண்ணும். கல்லைப் போடும்போதே எதை நாலா அள்ளறது, எந்த ரெண்டை மிச்சம் விடறதுன்னு கண்ணு பிரிச்சு வெச்சுக்கும். ஆறை நாலும் ரெண்டுமா பார்க்கத் தெரியாதவங்க நாலான் தாண்ட முடியாது.

பல்லாங்குழிலயும் உண்டு. குழில நாலு சேர்ந்தா பசு, அள்ளிக்கலாம். மூணு இருக்கற குழியைப் பார்த்ததும் "இன்னும் ஒண்ணு"ன்னு மனசு சொல்லிடும்.

நேத்து டியூஷன்ல அஞ்சாங்கல் இறக்கினேன். எங்க பசங்களுக்குக் கல்லைப் பிடிக்கவே வரலை. மேல போட்டது மேலயே போயிடுது, கீழ் வீட்டு அங்கிள் வந்து என்ன சத்தம்னு கேட்டார். இப்போதைக்கு மேல போடாம, தரைல இருந்து அள்ளறது மட்டும்.

ஜூன் 30

தாயக்கட்டையும் முயற்சி பண்ணிப் பார்த்தேன். பித்தளைக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டையும் உருட்டிக் கூட்டினா சின்னக் கூட்டல் வந்துட்டே இருக்கும். நாலு வேணும்னா ஒண்ணும் மூணும், இல்ல ரெண்டும் ரெண்டும். அஞ்சுக்கு ரெண்டும் மூணும் மட்டும்தான் வழி. ஏன் அஞ்சு அபூர்வமா விழுதுன்னு ஒரு பொண்ணு அவளாவே கண்டுபிடிச்சா.

எல்லாம் நல்லாப் போச்சு, ரெண்டு கட்டையும் சைபர் விழற வரைக்கும். அதுக்குப் பன்னெண்டு! "மிஸ், சைபரும் சைபரும் பன்னெண்டா?" எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. தாயத்துல மட்டும்னு சொன்னேன். நோட்டுல 0+0=12-னு யாராவது எழுதியிருந்தா அது என் வீட்ல கத்துக்கிட்டதுதான், பள்ளிக்கூடத்தைத் திட்டாதீங்க.

ஜூலை 2

மயிலாப்பூர்ல இருந்து பாட்டுக் கிளாஸ் அம்மா: "என் பொண்ணு தாளம் போடறா, மிஸ்ர சாபு மூணும் நாலும் ஏழு, கண்ட சாபு ரெண்டும் மூணும் அஞ்சு, ஆதி தாளம் நாலும் ரெண்டும் ரெண்டும் எட்டு. இதுவும் நம்பர் பாண்ட்தானே?"

கேக்க இனிக்குது. ஆனா எனக்கு சந்தேகம். தாளத்துல மூணும் நாலும் எப்பவும் அதே வரிசைல வரும், ஏழை அஞ்சும் ரெண்டுமா உடைச்சா பாட்டே போயிடும். கணக்குல அந்த சுதந்திரம்தான் விஷயமே. உங்க பொண்ணுகிட்ட மிஸ்ர சாபுல நாலு அட்சரம் போட்டு நிறுத்தி "இன்னும் எவ்வளவு"ன்னு கேளுங்க. எண்ணாம மூணுன்னு வந்தா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஜூலை 2, பிற்பகல்

சொன்னாளாம். சரி, வாபஸ். பாதி வாபஸ். ஒரு குழந்தைதானே.

ஜூலை 6

ஒர்க்ஷீட். மூணு வட்டம், ரெண்டு கோடு, மேல வட்டத்துல முழு எண், கீழே ரெண்டுல துண்டுகள். இந்தப் படம் உலகம் முழுக்கப் பரவினதுக்கு சிங்கப்பூர் கணக்குப் பாடத்திட்டம் பெரிய காரணம். அங்க இது நடுப் படி. முதல்ல கைல பொருள், அப்புறம் படம், கடைசில வெறும் எண். இந்த வரிசைக்கு அடிப்படை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-கள்ல எழுதினது. நம்ம ஊர்ல ப்ரிண்ட் எடுக்கறது சுலபம்கறதால நடுப் படில ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சுடறோம். குழந்தை வட்டத்தை நிரப்பக் கத்துக்குது. பார்த்தா டிக் டிக்னு ஃபுல் மார்க்.

கைல பொருளுக்குச் செலவே வேண்டாம். முட்டைக் கடைல முப்பது முட்டை அட்டை சும்மாவே தருவாங்க. அஞ்சுக்கு ஆறு குழி. ரெண்டு வரிசை வெட்டினா அஞ்சும் அஞ்சும், பத்துக் குழி. ஒரு அட்டைல மூணு கிடைக்கும். ரெண்டை எடுத்துக்கோங்க. ஒண்ணுல எட்டு பாட்டில் மூடி, இன்னொண்ணுல அஞ்சு. காலியா இருக்கற ரெண்டு குழியைப் பார்த்ததும் குழந்தை கையே அடுத்த அட்டைல இருந்து ரெண்டு மூடியை நகர்த்தும். பத்தும் மூணும். வாயைத் திறக்காதீங்க, கையைப் பாருங்க. (அட்டையை நல்லா வெயில்ல காய வைங்க. முட்டை ஒழுகின அட்டை நாறும்.)

ஜூலை 9

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருத்தர் வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. "நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல ஒண்ணும் செய்யறதில்லைன்னு பேசறீங்க. எண்ணும் எழுத்தும் வந்ததுல இருந்து பொருள் வெச்சுத்தான் சொல்லித்தர்றோம்."

நியாயமான கோபம். கொரோனாவால விட்டுப்போன படிப்பை மீட்க 2022 ஜூன்ல ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும் வந்த திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தை நிக்கற நிலைக்கு ஏத்த மாதிரி பாடம். அதுக்கும் முன்னாடி தமிழ்நாட்டுல செயல்வழிக் கற்றல் தொடங்கினதே 2003-ல நம்ம சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்லதான். அட்டை, மணி, குச்சி வெச்சு வேலை செய்யறதுல அவங்க நமக்கு மூத்தவங்க. என் டியூஷனுக்கு வர்ற ஒப்பிப்பு மன்னர்கள் பெரும்பாலும் நிறைய ஃபீஸ் கட்டற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க.

இன்னும் பின்னாடி போனா இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபைல ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, இரண்டாம் உலகப் போரால 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்தாங்க. அவங்க முறைல ஒரு பாம்பு விளையாட்டு உண்டு. மணி கோத்த கலர் கலரான குச்சிகளை வளைச்சு வளைச்சுப் பாம்பா அடுக்கி, தலைல இருந்து எண்ணிப் பத்து வந்ததும் அதை எடுத்துட்டு பத்து மணி கோத்த ஒரு தங்கநிறக் குச்சி வைக்கணும். பத்து பெரும்பாலும் ஒரு குச்சியோட நடுவுல முடியும். உதாரணமா எட்டு மணி உள்ள குச்சிக்கு அப்புறம் அஞ்சு மணி உள்ள குச்சி வந்தா, அஞ்சுல ரெண்டாவது மணில பத்து முடிஞ்சுடும். மிச்ச மூணுக்குக் கறுப்பு வெள்ளைக் குச்சி ஒண்ணு வைக்கணும். முகப்பேர் வாசகர் கேட்ட 8+5 அப்படியே அங்க இருக்கு.

ஜூலை 13

கொஞ்சம் தடம் மாறறேன். எங்க தெரு மளிகைக் கடைல பத்து ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்க்கு வாங்கினா மீதி மூணு வரும், இல்ல மூணு மிட்டாய் வரும். அதுவே பெரிய பாடம். இப்போ பசங்க பார்க்கறது அம்மா ஃபோனைக் காட்டறதும் "பீப்"பும்தான். என் டியூஷன்ல ரெண்டு ரூபாய்க் காசையும் ஒரு ரூபாய்க் காசையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாத ரெண்டாம் கிளாஸ் பசங்க இருக்காங்க. சரி, எனக்கே கண்ணாடி இல்லாம தெரியாது.

வாரத்துல ஒரு நாளாவது சில்லறை கொடுத்துக் கடைக்கு அனுப்புங்க. மீதி எவ்வளவு வரணும்னு போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஜூலை 19

சமக்குறி. இதைச் சொல்லாம விட்டா தப்பு. எப்பவும் 7+3=10-னே எழுதிப் பழகின குழந்தைக்கு "=" ன்னா "விடையைப் போடு". 10=7+3-னு எழுதிக் காட்டினா "மிஸ், தலைகீழா எழுதிட்டீங்க"ங்கும். 8+4=☐+5 கொடுத்துப் பாருங்க. நிறைய பேர் 12 போடுவாங்க, சிலர் எல்லாத்தையும் கூட்டி 17 போடுவாங்க. ஏழு வரணும். உடைக்கறதும் சேர்க்கறதும் ஒரே விஷயம்னு தெரியணும்னா ரெண்டு பக்கமும் எழுதிப் பழக்கணும். முட்டை அட்டை பக்கத்துல இருக்கட்டும். இல்லாம செஞ்சா வெறும் குழப்பம்தான்.

ஆகஸ்ட் 10, முகப்பேர் வாசகர்

8+5 இப்போ விரல் இல்லாம வருது. ஆனா நீங்க சொன்ன மாதிரி இல்லை. எட்டுல ஒரு அஞ்சு இருக்காம், இந்தப் பக்கம் ஒரு அஞ்சு, ரெண்டும் சேர்ந்து பத்து, மிச்சம் மூணு. ரெண்டை எடுத்து எட்டுக்குக் கொடுக்கவே இல்லை. திருத்தணுமா?

ஆகஸ்ட் 10, இரவு

ஐயோ, கைய வெக்காதீங்க! நான் பத்தை நிரப்பச் சொன்னேன், அவன் எட்டையே உடைச்சுட்டான். அதுக்கு எட்டை அஞ்சும் மூணுமா பார்க்கணும், அது பத்து ஜோடில இல்லவே இல்லை. 7+6-க்கும் இதே வழி ஓடும்: அஞ்சும் அஞ்சும் பத்து, ரெண்டும் ஒண்ணும் மூணு. 9+4-க்கு ஓடாது, நாலுக்குள்ள அஞ்சு இல்லை. அங்க மாட்டிக்கும்போது பத்தை நிரப்பற வழியை அவனாவே தேடுவான், இல்லைன்னா அட்டையை எடுத்து வைங்க.

உங்க அப்பா என்ன சொல்றார்?

நவம்பர் 27

மழை லீவு. பசங்க எல்லாம் வீட்ல, அதான் திரும்ப இங்க கேள்வி வருது. "கூட்டல் வருது, 13−5 வரலை, பழைய படி எண்றா."

ரெண்டு வழி இருக்கு. அஞ்சை மூணும் ரெண்டுமா உடைச்சு, பதிமூணுல மூணு போனா பத்து, அதுல ரெண்டு போனா எட்டு. இல்லைன்னா பதிமூணை உடைச்சு, பத்துல அஞ்சு போனா அஞ்சு, அதோட அந்த மூணைச் சேர்த்தா எட்டு. ரெண்டாவதுல நடுவுல கூட்டல் வருதேன்னு பெரியவங்க பயப்படுவாங்க. குழந்தைங்க அவ்வளவா பயப்படறதில்லை. ரெண்டு அட்டை, பதிமூணு மூடி. அஞ்சை எடுன்னு மட்டும் சொல்லுங்க. எந்த அட்டைல கை போகுதோ அதுதான் அவ வழி. அதையே நோட்டுல எழுத வைங்க.